கயிறு இழுக்காத பொங்கல்

அம்மா இனிமேல் கயிறு இழுக்கக் கூடாது என்று பதுளை டாக்டர் சொல்லிவிட்டார் என்றதும் எங்கள் மேல் லயமே ஆடிப்போய்விட்டது. மடுல்சீமைப் பக்கம் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒவ்வொரு பொங்கலுக்கும் பெண்களின் கயிறு இழுப்பு நடக்கும். தொழிலாளர் வரிசை வீடுகளில் மேல் லயம் ஒரு பக்கம், கீழ் லயம் ஒரு பக்கம். கயிற்றின் கடைசி நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு அம்மா பின்னால் சாய்ந்தால், எதிராளிகள் மண்ணைக் கவ்வ வேண்டியதுதான். தொண்ணூறுகளில், நான் மூன்றாம் வகுப்பு படித்த காலத்துச் சங்கதி இது.

கொஞ்ச நாளாகவே அம்மாவுக்கு மூச்சு வாங்கியது, காலும் வீங்கியது. வாய் மட்டும் குறையவில்லை. அப்பா பிடிவாதமாக டவுனுக்குக் கூட்டிப் போனார். நானும் அழுது தொற்றிக்கொண்டேன். டாக்டர் ஊருக்குப் புதியவர், யாழ்ப்பாணத்துக்காரர், பெரிய கெட்டிக்காரர் என்று கேள்வி. அவர் முன்னால் தோட்டத்துக்காரி மாதிரிப் போய் நிற்கக் கூடாது என்று அம்மா கல்யாண வீடுகளுக்குக் கட்டும் நைலெக்ஸ் சேலையைக் கட்டினாள். சின்னம்மாவின் கைக்கடிகாரத்தை இரவல் வாங்கினாள். விரல்களில் ஏறியிருந்த கொழுந்துக் கறை போக எலுமிச்சம்பழம் தேய்த்தாள். அன்றைக்கு அவளைப் பார்த்தவர்கள் ஏதோ கடை முதலாளியின் சம்சாரம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

டாக்டர் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். முகம் மாறிவிட்டது.

"உடற்பயிற்சி, விளையாட்டு ஏதும் செய்யிறனீங்களோ?"

"பொங்கலுக்குக் கயிறு இழுப்பேங்க ஐயா."

"அதை இண்டையோட விட்டிடுங்கோ. எக்சசைஸ் ஒண்டும் கூடாது. மீறினா உயிருக்கே ஆபத்து."

தோட்டத்துக்குத் திரும்பியதும் அடுத்த வீட்டுப் பெரியம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு, "கயிறு புடிக்காம நீ எப்புடிடி இருப்ப?" என்று அழுதாள்.

எங்கள் வீட்டில் உடற்பயிற்சி என்றால் என்னவென்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் காலையில் செய்வோமே: கைகளை மேலே தூக்குவது, குனிந்து கால் விரலைத் தொடுவது, நின்ற இடத்திலேயே ஓடுவது. ஆகவே அம்மாவைக் காக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். கொண்டை போட அவள் இரண்டு கையையும் தூக்கினால், "எக்சசைஸ்!" என்று கத்துவேன். "சரிங்க டாக்டரம்மா" என்று கையை இறக்கிவிடுவாள். கீழே விழுந்த கரண்டியை எடுக்கக்கூட விடமாட்டேன், நானே பாய்ந்து எடுப்பேன்.

பொங்கல் வந்தது. அம்மா நல்ல சேலை கட்டி, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மேல் லயம் தோற்றது. அம்மா எல்லோர் முன்னாலும் தேம்பித் தேம்பி அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, விறைத்துப்போய் நின்றேன். சுகவீனமாவது ஒன்றாவது, வயசாகிவிட்டது, பயந்துவிட்டாள் என்று கீழ் லயத்தில் பேசிக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அம்மா எதையும் காதில் வாங்காமல் மறுநாள் விடியற்காலையில், எப்போதும் போல, கூடையை எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் போனாள்.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் மலைக்கு ஓடுவேன். கொழுந்து நிறைந்த கூடையை மேலே ரோட்டுக்குக் கொண்டுபோய் நிறுக்க வேண்டும். அதைத் தூக்க அம்மா குனிவாளே, குனிவது எக்சசைஸ் ஆயிற்றே! அவள் நின்றபடியே இருக்க, நானும் பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவளும் கூடையைத் தூக்கிக்கொடுப்போம். கூடைக் கயிற்றை அவள் தலையில் மாட்டிவிடுவது என் வேலை. அப்புறம் அவள் செங்குத்தான மலையில் ஏறுவாள்.

ஒருநாள் அப்படி மாட்டிவிட்டு நான் பின்னால் ஏறிக்கொண்டிருந்தபோதே அம்மா சரிந்தாள். ஒரு சத்தமும் இல்லை. கூடை உருண்டு என்னைத் தாண்டிப் போனது. அவள் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. பக்கத்து நிரைக்காரிதான் அலறினாள்.

கொழுந்து லொறியில் பதுளைக்குக் கொண்டுபோனார்கள். அதே டாக்டர். ஊசி போட்டு வெகு நேரம் கழித்து அம்மா கண் திறந்தாள். டாக்டர் அப்பாவிடம் பாய்ந்தார்.

"நான் படிச்சுப் படிச்சுச் சொன்னனானெல்லோ?"

"அவ கயித்தத் தொடவே இல்லீங்க ஐயா" என்றார் அப்பா. "புள்ளையக் கேளுங்க."

நான் தலையைத் தலையை ஆட்டினேன். அப்போதுதான் டாக்டர் அம்மாவின் இடுப்பில் செடி கிழிக்காமல் இருக்கக் கட்டியிருந்த படங்குச் சாக்கையும் கறுத்த விரல்களையும் பார்த்தார்.

"நீங்க கொழுந்து எடுக்கிறனீங்களோ?"

"ஆமாங்க."

"பாரத்தோட மலை ஏறுறதை ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

அம்மா அவரை வியப்போடு பார்த்தாள். "அது வேலைங்களே ஐயா" என்றாள்.

டாக்டர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் பக்கம் ஒரு தப்பும் இல்லை என்று புரிந்துகொண்டார் போலும் என நினைத்து எனக்குத் தைரியம் வந்தது. கிட்டப் போய் அவர் கையைத் தொட்டுச் சொன்னேன்: "பயப்படாதீங்க ஐயா. அம்மாவ நான் குனியவே விடமாட்டேன். கூடையத் தூக்கி நானேதான் மாட்டிவிடுறேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டிக்காரி என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்து நின்றேன். அவர் சொல்லவில்லை. அப்பாவோடு பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அதுதான் பெரிய குறையாக இருந்தது.