கறிக்கு ஒரு பீரோ

என் கணவர் தெருமுனையில் பைக்கைத் திருப்பும்போதே எங்கள் வீட்டில் என்ன குழம்பு என்று சொல்லிவிடுவார். போன வருடக் காய்ச்சலோடு அந்த மூக்கு போயிற்று. அதற்கப்புறம் எதை வைத்தாலும், நான் பரீட்சைத்தாள் திருத்துகிற முகத்தோடு சாப்பிட்டு எழுந்துவிடுவார். குறை சொல்லக்கூட அவரிடம் ஒன்றும் இல்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

ஒருநாள் அகரம் பக்கம் போகையில் யாரோ தோட்டத்தில் கொய்யாக் கிளைகளை எரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் வண்டியை நிறுத்தி, "ஏதோ வாசம் வருது. என்னன்னுதான் தெரியல" என்றார். அன்றிலிருந்து புகையில் செய்கிற சமையலையெல்லாம் போனில் தேட ஆரம்பித்தேன்.

அப்படித்தான் அலமாரி மாதிரி நிற்கிற புகையடுப்பு கண்ணில் பட்டது. அடியில் கரியும் விறகும், அதன்மேல் தண்ணீர்ச் சட்டி, அதற்கும் மேலே கம்பித்தட்டுகளில் கறி. மணிக்கணக்கில் புகையிலேயே வேக வேண்டும். ஒரு கதவா, இரண்டு கதவா? ஒரே கதவென்றால் விறகு போடத் திறக்கும்போதெல்லாம் மேலே இருக்கிற புகையும் ஓடிவிடும். கரண்டில் ஓடுவதும் இருந்தது. கண்ணாடிக் கதவு பார்க்க அம்சமாக இருந்தது. ஆனால் வாங்கினவர்கள் புகை போதவில்லை என்று எழுதியிருந்தார்கள். எனக்கு வேண்டியதே புகைதான். மற்றதெல்லாம் தொட்டால் நசுங்குகிற தகடு.

கடைசியில் நம்மூரிலேயே பீரோ செய்கிற பாயிடம் போனேன். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"கறிக்கா டீச்சர் பீரோ?"

"ஆமா பாய்."

"லாக்கர் வேணாமா?"

"கறிக்கு எதுக்கு லாக்கர்!"

சிரித்துவிட்டு அவர் கேட்டதுதான் கேள்வி. "புகை உள்ள நிக்கணுமா, வெளிய போகணுமா?" இத்தனை நாள் தேடியும் இப்படி யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. ரெண்டும்தான் என்றேன். அவர் குனிந்து, கீழே காற்றுக்கு ஓட்டை, மேலே குழாய், இரண்டுக்கும் தள்ளுமூடி என்று தரையில் சாக்பீஸால் வரைந்தார். கனத்த தகடு, இரண்டு கதவு. இதுதான் என் அடுப்பு என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மொட்டைமாடியில் பாய் இறக்கிவைத்த அடுப்பில் கறியை அடுக்கி, கொய்யா விறகு போட்டுப் பற்றவைத்தேன். என் கணவர் கீழே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அரைமணி நேரத்தில் குழாயில் கருகல் புகை வந்தது. கதவைத் திறந்தால், உட்சுவர் கொப்புளம் கொப்புளமாக உரிந்து கறிமேல் கிடந்தது. உள்ளே கறுப்பாக இருந்ததை நான் தகட்டின் நிறம் என்று நினைத்திருந்தேன். பெயிண்ட்! பாய்க்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"பீரோன்னா உள்ளயும் ரெண்டு கோட் அடிச்சுத்தானே டீச்சர் குடுப்போம்? வெறும் தகடா குடுத்தா என் வேலைய என்ன சொல்வாக?"

பாயை ஒரு வழி பண்ணிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். அப்போது மாடிப்படியில் தடதடவென்று சத்தம்.

"என்னத்தப் போட்டு எரிக்கிற? பெயிண்ட் நாத்தம் குடலப் புரட்டுது!"

போன் காதிலேயே இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றேன்.

"நாறுதுன்னேன்டி," என்றார், மூக்கைப் பொத்திக்கொண்டு.