தலைமையாசிரியருக்குப் பதில் நான் போன பயிற்சி

"இன்னுமா நீ பாஸ் பண்ணல?"

வேலைக்குச் சேர்ந்த முதல் சில வருஷங்களில் எங்கம்மா என்னைப் பார்த்து இதைக் கேட்காத மாதம் கிடையாது. மகளுக்கு அரசாங்க வேலை வந்துவிட்டது, மாசம் பிறந்தால் சம்பளம் வருகிறது. அதற்குப் பிறகும் எதற்கு இவள் நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு டவுனுக்குப் படிக்கப் போகிறாள் என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

"படிக்கப் போகலம்மா. பயிற்சி."

"அத்தத்தான் ரெண்டு வருஷம் படிச்சியே. அப்பவே ஒழுங்கா படிச்சிருந்தா இப்ப எதுக்குத் திருப்பித் திருப்பிக் கூப்புட்றாங்க?"

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நைனா கைநாட்டு. அம்மா வங்கிக்குப் போனால் மையொட்டிய விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டே வருவாள். எங்கள் தெருவில் மனு எழுத, மருந்துச் சீட்டைப் படிக்க, பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று சொல்ல, எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருவார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. இல்லை என்று ஏன் சொல்லவேண்டும்? அப்படிப்பட்டவளை, சொந்த வீட்டிலேயே ஃபெயிலான பிள்ளை மாதிரி பார்த்தால் எரிச்சல் வராதா?

எரிச்சல் அம்மாமேல் இல்லை. அந்தப் பயிற்சிகள்மேல்.

எங்கள் பள்ளிக்கூடம் மலைக்குப் பின்பக்கம், கிரிவலப் பாதையை விட்டு உள்ளே தள்ளி இருந்த ஒரு ஊரில். இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு. தலைமையாசிரியர் நாலாவதையும் ஐந்தாவதையும் வைத்துக்கொண்டார். ஒன்று, இரண்டு, மூன்று என் தலையில். நல்ல மனுஷர்தான். பிள்ளைகளைக் கைநீட்டி அடிக்கமாட்டார். ஆனால் உடம்பு பள்ளிக்கூடத்தில் இருக்கும், மனசு கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் அவருடைய மல்லாட்டைக் கொல்லையில், அந்த நிலக்கடலை வயலில், இருக்கும். பயிற்சிக்கு ஆள் அனுப்பச் சொல்லி எந்தச் சுற்றறிக்கை வந்தாலும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைத்தான் பார்ப்பார்.

"டீச்சரம்மா, இது உனக்குத்தான் உபயோகமா இருக்கும். எனக்கு இன்னும் எத்தினி வருஷம் சர்வீஸ் இருக்குது?"

முதலுதவிக்குப் போனேன். எளிய கற்றல் கருவி செய்யப் போனேன். பாட்டுப் பாடிக் கற்பிக்கும் பயிற்சிக்குப் போனேன். மறு வருஷம் அதே பாட்டுகளை வேறு தலைப்பில் பாடப் போனேன். எந்தப் பயிற்சியானாலும் நடப்பு ஒன்றுதான். பத்து மணி என்று போட்டிருப்பார்கள், பதினொன்றுக்கு ஆரம்பிக்கும். வட்டமாக நிற்கச் சொல்வார்கள். ஒரு விரலால் தட்டு, இரண்டு விரலால் தட்டு, ஐந்து விரலாலும் தட்டு, மழை பெய்கிறது பாருங்கள் என்பார்கள். பேத்தி எடுத்த டீச்சர்கள் முட்டிவலியோடு தவளை மாதிரி குதிப்பார்கள். பிறகு குழு பிரித்து, ஒரு சார்ட்டும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுப்பார்கள். குழுவில் இருக்கும் ஆண்கள் எல்லாரும் ஒரே குரலில், "நீ எழுதும்மா, உனக்குக் கையெழுத்து நல்லா இருக்கும்" என்பார்கள். என் கையெழுத்தை அதற்குமுன் அவர்கள் யாரும் பார்த்ததே இல்லை. கடைசி நாள், பயிற்சி எப்படி இருந்தது என்று கேட்டு ஒரு துண்டுத் தாள் தருவார்கள். எல்லாரும் "மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்று எழுதிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவோம்.

எனக்குத் தெரியவேண்டியதை மட்டும் ஒருவரும் சொல்லித் தரவில்லை.

என் மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அவள் அம்மா பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் சுண்டல் விற்பாள். பெண்ணுக்கு நல்ல குரல். பாடத்தை எடுத்தால் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒரு இடத்தில் நிறுத்தாமல் வாசிப்பாள். ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு முன்னால் அவளைத்தான் எழுப்பிவிடுவேன். ஒருநாள் தற்செயலாக அவள் புத்தகத்தின் மேல்பக்கம் என் கை இருந்தது. உள்ளங்கை படத்தை மறைத்துக்கொண்டிருந்தது.

"படி கண்ணு."

அவள் என் விரல்களைப் பிடித்து நகர்த்தப் பார்த்தாள். "கைய எடுங்க டீச்சர். தெரில."

"எழுத்து கீழதானே இருக்கு?"

"படம் தெரில டீச்சர்."

படத்தைப் பார்த்து, எந்தப் பாடம் என்று கண்டுபிடித்து, மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒற்றைச் சொல்லைத் தொட்டுக் காட்டி இது என்ன என்று கேட்டால் என் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கே மற்றவர்களையும் அப்படிச் சோதித்தேன். வகுப்பில் பாதிக்குமேல் அவளைப் போலத்தான். ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிப் போட்டுவிட்டு இரண்டாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிவிட்டு இவர்களிடம் வரும்போது மணி அடித்துவிடுகிறது. மூன்று வகுப்பை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, படிக்க வராத பிள்ளையை எப்படிப் படிக்க வைப்பது? நான் படித்த இரண்டு வருஷப் பயிற்சியில் அப்படி ஒரு பள்ளிக்கூடம் இருப்பதாகவே பேச்சு இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. வெளி மாவட்டத்தில் பத்து நாள், தங்கிப் படிக்கும் பயிற்சி. பல வகுப்பை ஓர் அறையில் வைத்து நடத்தும் பள்ளிகளுக்கே கூட்டிப்போய், பின்னால் உட்காரவைத்துக் காட்டுவார்கள். விருப்பமுள்ள ஆசிரியர்கள் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்கலாம். நான் அதை நின்றபடியே இரண்டு தரம் படித்தேன்.

தலைமையாசிரியர் கண்ணாடியை ஏற்றவில்லை. இறக்கினார்.

"பத்து நாளா? ரெண்டு பேரு ஸ்கூலும்மா இது. அஞ்சு கிளாசையும் நான் ஒருத்தனே எப்படிக் கட்டி மேய்க்கறது?"

"ரெண்டு மாசம் முன்ன கொல்லையில கள எடுத்தப்ப நீங்க வரல. நான் ஒருத்திதானே சார் மேய்ச்சேன்?"

"உனக்கென்னம்மா, சின்ன வயசு."

விண்ணப்பத்தை எழுதி மேஜைமேல் வைத்தேன். அவர் கையெழுத்துப் போடவில்லை. கிழிக்கவும் இல்லை. கண்ணாடிக்கூட்டை அதன்மேல் வைத்துவிட்டார். தினமும் காலையில் வந்ததும் அந்தக் கூட்டைப் பார்ப்பேன்.

அடுத்த வாரமே இன்னொரு சுற்றறிக்கை. தலைமையாசிரியர்களுக்குத் தலைமைப் பண்புப் பயிற்சி, மூன்று நாள், டவுனில்.

"போய்ட்டு வந்துடும்மா. மல்லாட்ட புடுங்கற நேரம், எனக்கு ஆளு கம்மி."

"சார், இது எச்.எம்.முக்கு."

"ஸ்கூலுக்கு ஒருத்தர்னுதானே போட்டிருக்கான்? எச்.எம்.தான் வரணும்னு எங்க போட்டிருக்கு?"

"தலைப்புலயே போட்டிருக்கு சார்."

"தலைப்பு கெடக்குது."

பத்து நாள் எனக்கு வேண்டிய பயிற்சிக்குப் போக முடியாது. அவருக்கு வேண்டிய பயிற்சிக்கு மூன்று நாள் நான் போகலாம். போனேன்.

கூடத்தில் நரைத்த தலைகளுக்கு நடுவில் நான் ஒருத்தி. அந்த மாதிரிக் கூட்டங்களில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பள்ளிக்கூடத்து ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வருகைப் பதிவும் ஊர் பெயரில்தான். நடத்த வந்த கருத்தாளர் வெளியூர்க்காரர். என்னை "எச்.எம். மேடம்" என்றார். "இல்ல சார், உதவி ஆசிரியர்தான். எச்.எம்.முக்குப் பதிலா வந்திருக்கேன்" என்றேன். தலையாட்டிவிட்டு, அடுத்த நிமிஷம் மறுபடியும் "எச்.எம். மேடம்" என்றார். மூன்றாவது தரம் நான் திருத்தவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாம் நாள் பௌர்ணமி. வெளியூர்க்காரருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், கிரிவலக் கூட்டத்துக்காக பஸ்ஸை ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள் என்று பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்களைப் பார்த்து அவர் கொஞ்சம் சலிப்போடு கேட்டார்.

"பத்து நாள் பயிற்சிக்குச் சர்க்குலர் அனுப்பி இத்தன நாளாச்சு. இந்த வட்டாரத்திலேர்ந்து ஒரு விண்ணப்பம்கூட வரல. ஏன் சார்?"

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஆள் பத்தாது என்றார் ஒருவர். சின்ன வயசு டீச்சர்கள் வெளியூர் போனால் பொறுப்பு யார் என்றார் இன்னொருவர். என் பக்கத்தில் இருந்தவர், "போய்ட்டு வந்தா நம்ம பேச்சக் கேக்கமாட்டாங்க சார். ஜாஸ்தி தெரிஞ்சுடுச்சுன்னு நினைப்பு வந்துடும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்குக் கண்ணாடிக்கூடு ஞாபகம் வந்தது. எழுந்துவிட்டேன்.

"நான் எச்.எம்.மா இருந்தா அனுப்புவேன் சார். பத்து நாள் கஷ்டம்தான். அஞ்சாவதுப் பிள்ளைங்களை ஒண்ணாவதுப் பிள்ளைங்களோட உட்காரவச்சு எழுத்துச் சொல்லித்தரச் சொல்லலாம். பக்கத்து ஸ்கூல்லேர்ந்து நாள்விட்டு நாள் ஒருத்தரக் கேட்டு வாங்கலாம். பத்து நாள் பாடம் பின்னால போகும். ஆனா மூணாவது படிக்கிற பிள்ளைக்கு இப்ப படிக்க வரலன்னா, அது எத்தன வருஷம் சார் பின்னால போகும்?"

இன்னும் என்னென்னவோ பேசினேன். படத்தை மறைத்த கதையையும் சொன்னேன். முடித்ததும் பக்கத்தில் இருந்தவர்தான் கேட்டார்.

"அப்படின்னா உன் ஸ்கூல்லேர்ந்து ஏம்மா விண்ணப்பம் வரல?"

உண்மையைச் சொன்னால் எங்கள் தலைமையாசிரியரை அத்தனை பேருக்கு முன்னால் காட்டிக்கொடுத்ததாகும். "வரும் சார்" என்று சொல்லி உட்கார்ந்தேன். பயங்கரச் சிரிப்பு. கருத்தாளர் மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் ஊர் பெயரை எழுதிக்கொண்டார்.

அதன் பலன் சீக்கிரமே வந்தது. அடுத்த அணித் தலைமையாசிரியர்களுக்கு நடக்கும் பயிற்சியில், ஆசிரியர்களின் திறனை வளர்ப்பது பற்றி, எங்கள் பள்ளியின் தலைமையாசிரியர் கருத்தாளராக இருந்து பேசவேண்டும் என்று உத்தரவு. அவர் அதைப் படித்துவிட்டு வேர்த்துப்போனார்.

"என்னாத்தம்மா பேசித் தொலைச்ச அங்க?"

சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"இதுக்கும் நீயே போய்டேன்."

"இந்தத் தடவ நம்ம வட்டாரத்து ஆளுங்கதான் நடத்தறாங்க சார். உங்களையும் தெரியும், என்னையும் தெரியும். யார் எச்.எம்.னு தெரியாதா?"

அந்தப் பயிற்சிக்குப் போனது தான் இல்லை என்று சொல்ல அவருக்கும் வழியில்லை. சொன்னால், அந்த மூன்று நாள் எங்கே இருந்தீர்கள் என்ற கேள்வி வரும். ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"என்ன பேசணும்னாவது எழுதிக் குடும்மா."

எழுதிக் கொடுத்தேன். முதல் வரி: "கஷ்டமாக இருந்தாலும் உங்கள் ஆசிரியரைப் பயிற்சிக்கு அனுப்புங்கள்." அவர் அதைப் படித்துவிட்டு மேஜையைப் பார்த்தார். கண்ணாடிக்கூடு அங்கேதான் இருந்தது. ஒன்றாம் வகுப்பில் யாரோ யாரையோ கடித்துவிட்டான் என்று கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பேசப்போன நாளில் ஐந்து வகுப்பும் என்னிடம். மறுநாள் காலையில் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்து உட்கார்ந்திருந்தார்.

"நல்லாப் பேசினீங்களா சார்?"

"பேச்செல்லாம் ஆச்சும்மா. கைகூடத் தட்டினாங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடைசில ஒரு கெழவன் எழுந்து, உங்க டீச்சர அனுப்பிட்டீங்களான்னு கேட்டான்."

"என்ன சொன்னீங்க?"

"அனுப்பிட்டேன்னுட்டேன்."

சொல்லிவிட்டு மேஜைமேல் இருந்த கண்ணாடிக்கூட்டைப் பார்த்தார்.

"கடைசித் தேதி என்னிக்கு?"

"நாளைக்கு சார்."

கண்ணாடிக்கூட்டைத் தூக்கினார். விண்ணப்பத்தில் கூடு இருந்த இடம் மட்டும் சுத்தமாக இருந்தது, மீதி எல்லாம் சாக்பீஸ் தூசி. கையெழுத்துப் போட்டார். "மல்லாட்ட காய வச்சிருக்கேன். மழ வந்தா உன்னாலதான்" என்றார்.

பத்து நாள் போய் வந்தேன். அங்கேயும் முதல் நாள் விரலால் தட்டி மழை பெய்யவைத்தார்கள். இரண்டாம் நாளிலிருந்து பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். படத்தை நம்பாமல், பிள்ளை வாயிலிருந்து வரும் சொல்லை அவள் சிலேட்டிலேயே எழுதிக்காட்டி, அதிலிருந்து எழுத்தைப் பிரித்துச் சொல்லித்தரலாம் என்று பார்த்தேன். ஒரு வகுப்பு தானாக வேலை செய்யும்போது இன்னொரு வகுப்போடு தரையில் உட்காரலாம் என்று பார்த்தேன். இவ்வளவுதான். இதைச் சொல்லித்தர இத்தனை வருஷமா?

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "இந்த வாட்டியாவது பாஸா?" என்றாள். "பாஸும்மா" என்றேன். அடுத்த வீட்டுக்குச் சொல்லப் போய்விட்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமையாசிரியர் தாடியோடு இருந்தார். சட்டையெல்லாம் சாக்பீஸ். என்னைப் பார்த்ததும் வாசலுக்கே வந்துவிட்டார். பயிற்சி எப்படி என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"டீச்சரம்மா, உனக்கு ஒரு விஷயம் தெரியுமா? உன் மூணாவதுல அந்தச் சுண்டல்காரம்மா பொண்ணு இருக்குதே, அதுக்குப் படிக்கவே வரலம்மா! நான் படத்துமேல கை வச்சுப் பாத்தேன். அப்படியே நின்னுடுச்சு. நீ இத்தன நாளு இத்தக் கவனிக்கவே இல்லையா?"

படத்தை மறைத்த அந்தக் கதையை அவரிடம் சொன்னதே நான்தான். அவர் முகத்தில் உண்மையான கவலை இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"கவனிச்சேன் சார்" என்று மட்டும் சொன்னேன்.

உள்ளே போய் அந்தப் பெண்ணைத் தரையில் என் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். புத்தகத்தை மூடச் சொன்னேன். நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். "சுண்டல்" என்றாள், அலுப்பாக. நேற்று பௌர்ணமி, விற்றதில் மிச்சமாம். சிலேட்டை வாங்கி அந்தச் சொல்லைப் பெரிதாக எழுதி அவள் மடியில் வைத்தேன்.

தலைமையாசிரியர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"படம் எங்கம்மா?" என்றார்.

"படம் கெடக்குது சார்" என்றேன்.