பெரிய மாத்திரையிலிருந்து சின்ன மாத்திரைக்கு

எழுபதுகளின் நடுவில் நான் மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஆயாக்கொட்டகையில் வேலை பார்த்தேன். கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள், ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்கு முன்பே பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் இருக்கும். பால் கரைத்துக் கொடுப்பது, துணி மாற்றுவது, உத்தரத்தில் கட்டிய சாரங் துணித் தொட்டில்களில் போட்டு ஆட்டித் தூங்கவைப்பது, இவைதான் என் வேலை. பிள்ளைகள் நன்றாகத் தூங்கின. நான்தான் மாத்திரை இல்லாமல் தூங்கி நான்கு வருடம் ஆகியிருந்தது.

என் கணவருக்குச் சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமை இல்லாதவர்களுக்கானது. நான் இங்கேயே பிறந்து நீல அட்டை வாங்கியவள். சிவப்பு அட்டைக்காரர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று வந்தபோது அவருக்கு அது கிடைக்கவில்லை. தன் தாயாரை அழைத்துக்கொண்டு பினாங்கில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். என் அப்பா அப்போது இருமலோடு படுக்கையில் இருந்தார். அவரை விட்டுவிட்டு நான் எப்படிப் போவது? "மாமாவுக்கு ஒடம்பு தேறட்டும், நான் எழுதுறேன், நீ வா" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா தேறவில்லை. அவரை அடக்கம் செய்த பிறகு கணவருக்கு எழுதினேன். பதில் வந்தது. இப்போதைக்கு வர வேண்டாம், இங்கே எனக்கே வேலை நிலையில்லை, உனக்கு அங்கே ஒரு வேலையாவது இருக்கிறது என்று எழுதியிருந்தார். எத்தனை தடவை படித்தாலும் அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அதன்பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கடிதம் வந்தது. பிறகு தீபாவளிக்கு மட்டும்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளுக்கு நடுச்சுவர் கூரைவரைக்கும் போகாது. அடுத்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் என்ன குழம்பு என்று பேசுவது எனக்குக் கேட்கும். என் வீட்டில் பேச்சே இல்லாததும் அவர்களுக்குக் கேட்டிருக்கும். அப்பா போன இரண்டாம் மாதம் என் தூக்கம் அடியோடு போயிற்று. டவுனிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு வந்துபோன வயதான டாக்டர் ஒரு வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார். பெரிய மாத்திரை, நடுவில் ஒரு கோடு. முதல் நாளே கிணற்றில் கல் விழுந்ததுபோலத் தூங்கினேன். அடுத்த வருடம் ஒன்று போதவில்லை, இரண்டாயிற்று.

நான்காம் வருடம் அந்த டாக்டர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். அவர் இடத்தில் ஒரு சீன டாக்டரம்மா வந்தார். வயது முப்பதுகூட இருக்காது. என் சீட்டைப் பார்த்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு மலாயில் பேசினார். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் ஐயா பக்கத்தில் நின்று தமிழில் சொன்னார்.

"இந்த மருந்து இப்ப வேணாங்கறாங்க. கூடப் போச்சுன்னா மூச்ச நிறுத்திப்புடும். வேற ஒண்ணு வந்திருக்கு, அதுக்கு மாத்தணும். ஆனா இன்னிக்கே இத நிறுத்திட்டு நாளைக்கே அதுன்னு மாத்த முடியாது. இதக் கொஞ்சம் கொஞ்சமா எறக்கி, அதக் கொஞ்சமா ஏத்தணும்."

"ரெண்டுக்குப் பதிலா ரெண்டு குடுத்துடுங்களேன்" என்றேன்.

"அது இதே எடை இல்லம்மா. பழசு ரெண்டுக்குப் புதுசு ரெண்டுன்னு கணக்குக் கெடையாது. நான் குடுக்கறது மட்டுந்தான். வீட்டுல பழசு மிச்சம் இருக்கா?"

"இல்லீங்க" என்றேன்.

அது பொய். பால்மாவு டின்னில் ஒரு கை நிறைய வைத்திருந்தேன். மழையில் மலைப்பாதை சரிந்து டவுனுக்கு வண்டி ஓடாத நாட்களில் மருந்து கிடைக்காமல் போய்விடுமே என்ற பயத்தில், அவ்வப்போது ஒன்றிரண்டை ஒதுக்கிச் சேர்த்தது. எனக்கென்று இருந்த ஒரே சேமிப்பு அதுதான்.

முதல் வாரத்துக்குப் பெரியதில் ஒன்றரை, புதியதில் பாதி. புதியது சட்டைப் பொத்தான் அளவுக்குச் சின்னதாக இருந்தது. இது எப்படி என்னைத் தூங்கவைக்கும் என்று அதைப் பார்த்ததுமே நம்பிக்கை போய்விட்டது. இரண்டு இரவு சமாளித்தேன். மூன்றாம் இரவு டிரெஸ்ஸர் கொடுத்ததையும் போட்டுவிட்டு, டின்னிலிருந்தும் இரண்டை எடுத்துப் போட்டேன்.

காலையில் எப்படி எழுந்தேன், எப்படிக் கொட்டகைக்கு வந்தேன் என்பது எனக்கு இன்றுவரை துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. பிள்ளைகளை வாங்கினேன். ஒரு தொட்டிலின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். கண்ணைத் திறந்தபோது, பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கிவந்த ஒரு தாய், கூடையை இன்னும் முதுகிலிருந்து இறக்காமல் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் மகளுக்கு அப்போது பத்து மாதம். அந்தப் பிள்ளை அவள் இடுப்பில் இருந்தது. முழங்கால்வரைக்கும் சேறு.

"லோங்காங் ஓரத்துல ஒக்காந்திருந்துச்சுக்கா" என்றாள்.

கொட்டகைக்குப் பின்னால் ஓடும் அந்தப் பெரிய சாக்கடையில் முந்தின நாள் மழைத்தண்ணீர் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. கொட்டகையிலிருந்தே அந்தச் சத்தம் கேட்கும். நான் எழுந்திருக்கப் பார்த்தேன், கால் நிற்கவில்லை. அவள் என்னைப் பார்த்துக் கத்தியிருக்கலாம். கங்காணியைக் கூப்பிட்டிருக்கலாம். "ஒங்களுக்கு ஒடம்பு சரியில்லையாக்கா?" என்று மட்டும் கேட்டாள். அவளே உட்கார்ந்து, நான் தெளியும்வரைக்கும் மற்றப் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டாள். பிறகு தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் டின்னில் இருந்ததையும் டிரெஸ்ஸர் கொடுத்ததையும் சேர்த்துக் கக்கூசில் கொட்டினேன். இனிமேல் எந்த மாத்திரையும் வேண்டாம், தூங்காமலே செத்தாலும் சரி என்று முடிவு செய்துகொண்டேன். அதுதான் சரியான தண்டனை என்றும் தோன்றியது. ஒரு தப்புக்குப் பரிகாரமாக அதைவிடப் பெரிய தப்பைச் செய்கிறேன் என்பது எனக்குத் தெரியாது. தோட்ட ஆபீஸ் கிராணியிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே கிடந்தேன். மறுநாள் கை நடுங்கியது. மலைக்குளிரில் ரவிக்கை முதுகில் ஒட்டும்படி வேர்த்தது. அதற்கு அடுத்த நாள் தகரக் கூரையில் யாரோ நடப்பதுபோலப் பகலெல்லாம் கேட்டது. அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிட ஒரு குரல் போதும், அந்தச் சுவரில். நான் கூப்பிடவில்லை. என்னவென்று சொல்லிக் கூப்பிடுவது?

மருந்து வாங்க நான் வரவில்லையே என்று டிரெஸ்ஸர் ஐயாவே வீட்டுக்கு வந்துவிட்டார். வாசலில் நின்றபடியே என் கையைப் பார்த்தார்.

"எத்தன நாளாச்சு நிறுத்தி?"

"மூணு நாளுங்க."

"முழுசாவா?"

தலையை ஆட்டினேன். அவர் உடனே லோரி வரவழைத்து, முன் இருக்கையில் என்னை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓட்டச் சொன்னார். வழியில் எனக்கு வலிப்பு வந்ததாம். எனக்கு நினைவில்லை. நாக்கைக் கடித்திருந்தேன் என்பது மட்டும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தெரிந்தது.

டாக்டரம்மா காலையில் வந்தார். நடந்ததையெல்லாம் என் அரைகுறை மலாயில் சொன்னேன். டின்னைப் பற்றியும் சொன்னேன், சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பற்றியும் சொன்னேன். எழுதிக்கொண்டே கேட்டார். முடித்ததும் பேனாவை மூடிவிட்டு, உள்ளங்கையைக் கட்டில் விளிம்பில் வைத்து மெதுவாக இறக்கிக் காட்டினார். "பெலான் பெலான்" என்றார். மெல்ல மெல்ல. படிக்கட்டு மாதிரி என்றார். ஒவ்வொரு படியிலும் நின்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. தூக்கம் வராத இரவு வரும், அது மருந்து தோற்றது என்று அர்த்தமில்லை. அப்படி ஒரு இரவு வந்தால் மறுநாள் என்னிடமோ டிரெஸ்ஸரிடமோ வந்து சொல், நீயாகக் கூட்டாதே, நீயாக நிறுத்தாதே. இவ்வளவுதான் அவர் சொன்னது. பழைய மருந்தைப் பழைய அளவிலேயே மறுபடியும் ஆரம்பித்தார். அதைப் பார்த்து எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அங்கிருந்துதான் இறங்க வேண்டுமாம்.

பத்து நாள் இருந்தேன். மற்றக் கட்டில்களுக்குச் சோறும் ரசமும் தூக்குச்சட்டியில் வந்தன. ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க ஒரே ஒருத்திதான் வந்தாள். அந்தப் பிள்ளையின் தாய். பிரிஞ்சாங் சந்தைக்குப் போகிற வழி என்றாள். கையில் சந்தைப் பை எதுவும் இல்லை.

"நான் யார்கிட்டயும் சொல்லலக்கா" என்றாள்.

"சொல்லியிருக்கணும்."

"சொன்னா ஒங்க வேல போயிரும்லா." கொஞ்ச நேரம் தன் வளையலைத் திருப்பிக்கொண்டிருந்தாள். "ஆனா புள்ளைய இப்போதைக்கு ஒங்ககிட்ட விடமாட்டேன். கோவிச்சுக்காதீங்க."

"விடாத" என்றேன். அப்பா செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை. அவள் பஸ் நேரம்வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

திரும்பி வந்ததும் நானே டிரெஸ்ஸர் ஐயாவிடம் சொன்னேன், இந்த மருந்து மாறும்வரைக்கும் என்னைப் பிள்ளைகளோடு விட வேண்டாம் என்று. அவர் கிராணியிடம் உடம்பு சரியில்லை என்று பேசி, என்னைப் புல் வெட்டும் கூட்டத்தில் போடவைத்தார். ஆயாக்கொட்டகைக்கு வேறொரு அம்மாள் போனார். மாத்திரைகள் டிரெஸ்ஸரிடமே இருந்தன. தினமும் வேலை முடிந்து கைகால் கழுவிக்கொண்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போவேன். அன்றைய இரவுக்கு உரியதை மட்டும் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். சவர பிளேடால் மாத்திரையைக் கோட்டில் வைத்து வெட்டுவார். பாதி நொறுங்கிவிட்டால் அதை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுப்பார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

"நேத்து எத்தன மணிநேரம்?"

"மூணு இருக்குங்க."

"காலையில தல சுத்துச்சா?"

"இல்லீங்க."

"பசிச்சுதா?"

இந்த மூன்று கேள்விகளையும் தினமும் கேட்டார். சில நாள் நான்காவதாக ஒன்றும் கேட்பார். மேல் மலையில் மழையா, அப்பா எந்த ஊர்க்காரர், இப்படி ஏதாவது. ஒருமுறை தன் மனைவி ஈப்போவில் பிள்ளைகளின் படிப்புக்காகத் தங்கியிருப்பதாகவும், மாதத்துக்கு ஒருமுறைதான் போக முடிகிறது என்றும் சொன்னார். உடனே பேச்சை நிறுத்திவிட்டுப் பிளேடைத் துடைத்தார்.

படியிறங்குவது சுலபமாக இல்லை. ஒன்றிலிருந்து பாதிக்கு வந்த வாரம் இரண்டு இரவு பொட்டுத் தூக்கம் இல்லை. கை மறுபடியும் லேசாக நடுங்கியது. பயந்துபோய் டிரெஸ்ஸரிடம் சொன்னேன். அவர் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். இறங்க வேண்டாம், இதே படியில் இன்னும் இரண்டு வாரம் இருக்கட்டும் என்று பதில் வந்தது. இருந்தேன். நடுக்கம் அடங்கியது. புல் வெட்டிய உடம்பு அசதியும் கொஞ்சம் உதவியது. பிறகு ஒரு நாள் பெரிய மாத்திரை காகிதத்தில் இல்லை. சின்னது மட்டும் இருந்தது. அன்று நான்கு மணிநேரம் தூங்கினேன், எழுந்தபோது தலை கனக்கவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு தேயிலை வாடை அவ்வளவு பச்சையாக மூக்கில் ஏறியது.

மருந்து மாறி முடிந்ததும் என்னை மறுபடியும் கொட்டகையில் போட்டார்கள். இரண்டு வாரம் ஆகியும் அந்தத் தாய் பிள்ளையைப் பக்கத்து வீட்டுக் கிழவியிடமே விட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் வாரம் ஒரு திங்கட்கிழமை, பெரட்டு மணி அடித்த பிறகு ஓடிவந்து பிள்ளையை என் கையில் கொடுத்தாள். "நேரமாச்சுக்கா, கஞ்சி குடிச்சிருச்சு" என்றாள். பிள்ளை அதற்குள் நடக்கப் பழகியிருந்தது. அன்று முழுவதும் நான் உட்காரவே இல்லை.

அதே மாதம் டிரெஸ்ஸர் ஐயா ஒரு சின்னக் காகிதப் பையில் ஏழு மாத்திரைகளை எண்ணிப் போட்டு என்னிடம் நீட்டினார்.

"இனிமே தெனமும் நீ வர வேணாம்மா. வாரத்துக்கு ஒருக்கா வந்தா போதும். டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நல்லாயிட்டே."

"சரிங்க" என்றேன்.

மறுநாள் வேலை முடிந்து கைகால் கழுவினேன். சேலை மாற்றினேன். கதவைப் பூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பாதையில் பாதி தூரம் வந்த பிறகுதான் போக வேண்டியதில்லை என்பது நினைவுக்கு வந்தது. அந்த நேரத்தில் வீட்டுக்குத் திரும்பி என்ன செய்வது என்று தெரியவில்லை. தொழிற்சாலைவரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பினேன். பனி இறங்க ஆரம்பித்திருந்தது. தண்ணீர்க் குழாயடியில் நின்ற அடுத்த வீட்டுக்காரி கேட்டாள்.

"என்னாக்கா, எங்க போய்ட்டு வர்றீங்க?"

"சும்மாதான்" என்றேன்.

"சும்மா நடக்கறதுக்கு இந்தக் குளிருலயா? வாங்க, தேத்தண்ணி போட்டிருக்கேன்."

நான்கு வருடமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவள். அவள் வீட்டுக்குள் நான் போனது அன்றுதான் முதல் தடவை. அதிக நேரம் உட்காரவில்லை. அவள் புருஷன் வேலையிலிருந்து வந்ததும் எழுந்துவிட்டேன். ஆனாலும் தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

எண்பதுகளில் அந்தச் சின்ன மாத்திரையையும் இன்னொரு டாக்டர் இதேபோல நிதானமாகக் குறைத்துக் குறைத்து நிறுத்தினார். அந்தத் தடவை நான் எதையும் ஒளித்துவைக்கவில்லை. இப்போது ஐந்து மணிநேரம் தூங்குகிறேன். சில நாள் நான்கு. விழித்துக் கிடக்கும் நேரத்தில், எத்தனை மணிநேரம் தூங்கினேன் என்பதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றும். விடிந்ததும் தோன்றாது.