காலியாகத் திரும்பி வந்த கோப்பை

மகளின் கலியாணம் முடிந்த கையோடு எங்கள் குசினியில் கத்தரிக்காய் இல்லாத பகலே இல்லை என்றாகிவிட்டது. எங்கள் ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். முன்வீட்டை மகளுக்கு விட்டுவிட்டு நானும் அவளுடைய வாப்பாவும் பின்னாலிருந்த அறைகளுக்குள் ஒதுங்கிக்கொண்டோம். குசினி மட்டும் பொது. நான் ஆக்குவேன், மகள் முன்பக்கம் கொண்டுபோய் வைப்பாள்.

மருமகன் மருதமுனை ஊர்ப் பிள்ளை. மோட்டார் சைக்கிளைக்கூடச் சத்தமில்லாமல் நிறுத்துகிற சுபாவம். மாமிக்கும் மருமகனுக்கும் இடையில் நேர்ப்பேச்சு எங்களுக்குள் உடனே வந்துவிடுவதில்லை. நான் முன்பக்கம் போனால் அவர் எழுந்து நிற்பார். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பிவிடுவேன். ஆகவே அவருக்கு என்ன பிடிக்கும் என்று அவரிடம் கேட்கவில்லை. திரும்பி வருகிற கறிக் கோப்பைகளைப் பார்த்தேன். மீனில் பாதி மிச்சம் வந்தது. இறைச்சியும் மிச்சம் வந்தது. கத்தரிக்காய்க் கோப்பை மட்டும் துடைத்து வைத்ததுபோல் வந்தது.

"பாத்தீங்களா?" என்று மகளின் வாப்பாவிடம் காட்டினேன்.

"என்னத்தப் பாக்கிற? நல்லாத்தானே ஆக்கிற. எனக்கும் ரெண்டு துண்டு மிச்சம் வெச்சா என்ன? மருமகன் வந்த நாள்ல இருந்து எனக்கு வாசம் மட்டுந்தான்."

அந்தக் கறியில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மறுப்பதற்கில்லை. கத்தரிக்காயை நீளமாகக் கீறி, உப்பும் மஞ்சளும் பிரட்டி வைத்து, அது தண்ணீர் விட்டதும் பிழிந்து, தேங்காயெண்ணெயில் ஓரம் கருகத் தொடங்கும்வரை பொரிக்க வேண்டும். வெங்காயம், பச்சை மிளகாய், இடித்த மாசிக் கருவாடு எல்லாம் வதங்கிய பிறகு அதைப் போட்டு, கடைசியில் தேங்காயின் முதல்பாலை ஊற்றி, ஒரு கொதி வருவதற்குள் தாச்சியை இறக்கிவிட வேண்டும். மருமகனுக்காக ஒவ்வொரு நாளும் எண்ணெயைக் கொஞ்சம் கூட்டினேன், கோப்பையையும் பெரிதாக்கினேன்.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் குசினியில் கை கழுவிக்கொண்டு நின்றேன். "உம்மா!" என்று மகள் கத்தினாள். அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோதுகூட அப்படிக் கத்தியதில்லை.

ஓடினேன். மருமகனின் உதடுகள் தடித்து, கண்ணிமைகள் வீங்கி, முகம் வேறு யாருடையதோ போலிருந்தது. மூச்சை இழுக்கும்போது சீழ்க்கைபோல ஒரு சத்தம். அந்த நிலையிலும் என்னைக் கண்டதும் அவர் எழுந்து நிற்கப் பார்த்தார்.

மகளின் வாப்பா ஓட்டோ பிடித்து வந்தார். வழியெல்லாம் நான் ஓதிக்கொண்டே போனேன். எதை ஓதினேன் என்று தெரியாது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மூக்கில் குழாய் வைத்த பிறகு, இளம் டொக்டர் ஒருவர் மருமகனிடம் கேட்டார்:

"என்ன சாப்பிட்டீங்க?"

"சோறு, டொக்டர்."

"வெறும் சோறா? கறி என்ன?"

மருமகன் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "ஒண்டுமில்ல. எல்லாம் நல்ல சாப்பாடுதான்."

"நல்ல சாப்பாடு திண்டா மூஞ்சி இப்பிடி வீங்காது. கதைங்க தம்பி, மூச்சு அடைச்சிருந்தா இப்ப கதைக்க ஆள் இரிக்க மாட்டீங்க."

நான்தான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். கத்தரிக்காய் என்றதும் மருமகன் கண்ணை மூடிக்கொண்டார். டொக்டர் அதைப் பிடித்துக்கொண்டார். முன்பும் இப்படி ஆகியிருக்கிறதா என்று துருவித் துருவிக் கேட்டதில், சின்ன வயதிலிருந்தே கத்தரிக்காய் தின்றால் நாக்கு அரிக்கும் என்பதும், இங்கே வந்த பிறகு தொண்டையும் அரிக்கத் தொடங்கியதும் வெளியே வந்தன. இனி ஒரு துண்டும் வாயில் வைக்கக்கூடாது என்று டொக்டர் சொன்னார். ஒரு இரவு வைத்திருந்து பார்த்துவிட்டு மறுநாள் வீட்டுக்கு விட்டார்கள்.

மருமகனைப் பார்க்க அவருடைய உம்மா வந்தார். நான் அழுதேன். அவரும் அழுதார்.

"எங்கட ஊட்டுல கத்தரிக்கா ஆக்கிறதே இல்ல மச்சி. இவனுக்கு அது கிரந்தி, ஒத்துக்காது எண்டு தெரியும்."

"தெரிஞ்சா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"எப்பிடிச் சொல்லுற? மாப்பிள்ளைட உம்மா பொண்ணு ஊட்டுச் சாப்பாட்டுல அது வேணாம் இது வேணாம் எண்டா, ஊர் என்ன கதைக்கும்? நீங்க என்ன நினைப்பீங்க?"

"அப்ப ஏன் மச்சி கோப்பை காலியா வந்த?"

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார். "அவன் சின்னதில இருந்தே அப்பிடித்தான். பிடிக்காததைத்தான் முதல்ல முழுங்கி முடிப்பான். பிடிச்சத ஆறுதலாத் தின்னுவான்."

அப்படியானால் மிச்சம் வந்த மீனும் இறைச்சியும்தான் அவருக்குப் பிடித்தவை. கத்தரிக்காயால் வயிற்றை நிரப்பிவிட்டு அவற்றை முடிக்க முடியாமல் விட்டிருக்கிறார். நான் எல்லாவற்றையும் தலைகீழாக வாசித்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு எனக்கு அடுப்பில் பயம் வந்தது. கத்தரிக்காய் பொரித்த தாச்சியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பின்னால் கொண்டுபோய் வைத்தேன். கடைகளில் மரக்கறிக் கூடையைக் கண்டால் வேறு பக்கம் திரும்பி நடந்தேன். முன்பக்கம் யாராவது இருமினால் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வாசலில் போய் நிற்பேன். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. பூசணிக்காய் ஒத்துக்கொள்ளுமா, இறால் ஒத்துக்கொள்ளுமா என்று மகளை விட்டுக் கேட்பேன். ஒரே பதில்தான் வரும்: "எல்லாம் நல்லமாம் உம்மா."

அந்த 'எல்லாம் நல்லம்' என்ற சொல்லை நான் எப்படி நம்புவது? ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதையேதானே சொன்னார். இந்தப் பிள்ளை மரியாதைக்காக எதையும் முழுங்கும் என்றால், அடுத்த முறை ஓட்டோ நேரத்துக்குக் கிடைக்குமா? மகளுக்கு இருபத்திரண்டு வயது. அவளுக்கு வந்த வாழ்க்கையை என் கைச் சோறு பறித்துவிடுமோ என்ற எண்ணம் தொழுகையிலும் என்னை விடவில்லை.

"நீ ஒருக்கா நேராக் கேளன்" என்றார் மகளின் வாப்பா.

"எப்பிடி? முன்னுக்குப் போனா எழும்பி நிக்கிறார்."

"நிக்கட்டுமே. நிண்டுக்கிட்டும் வாய் தொறக்கலாம்."

எனக்குத் துணிவு வரவில்லை. பூசணிக்காய் ஒன்றும் செய்யாது என்று எல்லோரும் சொன்னதால் பூசணிக்காயைப் பிடித்துக்கொண்டேன். தேங்காய்ப்பால் ஊற்றிப் பாலாணமாக, சுண்டலாக, பருப்போடு சேர்த்து. கோப்பை காலியாகத்தான் வந்தது. அதைப் பார்த்து மனம் நிறைந்த காலம் போய், பார்த்ததும் முன்பக்கம் எட்டிப் பார்க்கிற காலம் வந்திருந்தது.

போன மாதம் மகளின் வாப்பா தாங்க முடியாமல் சந்தையிலிருந்து கத்தரிக்காய் வாங்கி வந்துவிட்டார். "ஒத்துக்காதது அவருக்கு. தண்டனை எனக்கா?" என்று என் முன்னால் பையை வைத்தார். மகளும் மருமகனும் மருதமுனைக்குப் போயிருந்தார்கள். அவர்கள் திரும்பி வந்தால் சாப்பிடப் பூசணிக்காய் ஆணத்தைத் தனியாக ஆக்கி வைத்திருந்தேன். பின்னால் கிடந்த பழைய தாச்சியை எடுத்துக் கழுவினேன். கை தயங்கினாலும் பழக்கம் விடவில்லை. ஓரம் கருகியது, மாசி மணத்தது, பாலை ஊற்றினேன்.

குசினி வாசலில் நிழல் விழுந்தது. மோட்டார் சைக்கிள் சத்தம் எனக்குக் கேட்கவேயில்லை. மருமகன் நின்றார். அதுவரை அந்த வாசலுக்கு அவர் வந்ததில்லை. நான் பதறிப்போய் மூடியை எடுத்துத் தாச்சியை மூடினேன். மூடி கை தவறி உருண்டது.

அவர் குனிந்து மூடியை எடுத்தார். உள்ளே வரவில்லை. கதவு நிலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"மூடாதீங்க மாமி. மாமாக்கு ஆக்குறீங்க, ஆக்குங்க. எனக்கு வேணாம்."

எனக்கு. வேணாம். இவ்வளவு நாளும் அந்தச் சொல்லைக் கேட்கத்தான் காத்திருந்தேன் என்பது அதைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

"சரி மகன்" என்றேன். "பூசணிக்கா ஆணம் அங்கால இரிக்கி."

அவர் இன்னும் நிலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காது சிவந்திருந்தது.

"மாமி… அந்தப் பூசணிக்காயும் எனக்குப் புடிக்காது."

"அல்லாஹ்! ஒவ்வொரு நாளும் கோப்பை காலியா வந்திச்சே!"

"முதல்ல முழுங்கிருவன், மாமி."

அவருக்குப் பின்னால் நின்ற மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. முக்காட்டால் துடைத்துக்கொண்டேன்.

"இன்னும் என்னென்ன புடிக்காது? இப்பவே சொல்லிப்போடுங்க."

யோசித்தார். பாகற்காய் என்றார். சுறா என்றார். தேத்தண்ணிக்கு நான் போடுகிற சீனி கூடுதல் என்றார். ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் அவருக்குத் துணிவு கூடியது, எனக்கு மூச்சு இலகுவானது. பிள்ளைகள் குறை சொல்லச் சொல்ல ஒரு தாய் மகிழ்வாள் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

"அப்ப இப்ப என்ன தர, மகன்?"

"ரெண்டு முட்டை பொரிச்சித் தாங்க."

வேறு தாச்சியை எடுத்தேன். ஏற்கனவே கழுவியதுதான். ஆனாலும் இன்னொரு முறை கழுவினேன். அந்தப் பழக்கம் இனிப் போகாது, போகவும் வேண்டாம். எண்ணெய் காய்ந்ததும் பிஸ்மில்லாஹ் சொல்லி முட்டையை உடைத்து ஊற்றினேன். அவர் வாசலை விட்டுப் போகவில்லை. "உப்புக் கொஞ்சம் குறையப் போடுங்க மாமி" என்றார்.