கத்துகிற கம்பி

என் அண்ணி லோர்னா ராலின்ஸில் பள்ளிப் பேருந்து ஓட்டியே தலை நரைத்தவள். வயோமிங் பனியெல்லாம் அவளுக்குத் தூசு. வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் வீட்டு டிரெய்லர் என்றால் மட்டும் பயம். எல்க் மலைப் பக்கம் காற்றில் கவிழ்ந்து குப்புறக் கிடந்த ஒன்றைப் பார்த்திருக்கிறாள். உடைந்த சன்னல் வழியாகத் திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்ததாம்.

என் அண்ணன் வெண்டலுக்குக் கண் ஆபரேஷன் ஆனதும் அவர்கள் டிரெய்லரை இழுத்து ஓட்டும் வேலை அவள் தலையில் விழுந்தது. "டிரெய்லரோட ஆட்டத்த அடக்குற கம்பி இல்லாம நான் ஸ்டியரிங்கத் தொடவே மாட்டேன்" என்றாள்.

கடையில் பாரத்தையும் சேர்த்துத் தாங்கும் பெரியது ஒன்று இருந்தது. இரண்டு தகடுகள் கம்பியைக் கவ்வி, உரசியே ஆட்டத்தை அடக்கும் சின்னதும் இருந்தது. "நம்ம குட்டி டிரெய்லருக்கு இது போதும்" என்று அண்ணன் சின்னதையே எடுத்தான். லோர்னா தானே படுத்து உருண்டு அதை மாட்டினாள். ஆட்டம் குறையட்டும் என்று டிரெய்லருக்குள் பின்னால் கிடந்த கனமான சாமான்களையெல்லாம் முன்னால் மாற்றினாள்.

வண்டி திரும்பும்போதெல்லாம் அந்தக் கம்பி கத்தும். டிரெய்லர்கள் தங்கும் முகாமில் ஒருத்தன், "என்ன லோர்னா, பன்னியக் கட்டி இழுத்துட்டு வரீங்களா?" என்று கேட்டான்.

"கத்தட்டும். கத்துனாத்தான் புடிச்சிருக்குன்னு எனக்குத் தெரியும்."

அண்ணனுக்கோ கிரீச் சத்தம் ஆகவே ஆகாது. வீட்டில் ஒரு கதவுக் கீலைக்கூட எண்ணெய் போடாமல் விட்டுவைத்ததில்லை.

அவர்கள் மகளைப் பார்க்க டிரெய்லரோடு மூவருமாகக் கிளம்பினோம். நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவு முடிந்ததும் லோர்னாவின் முகம் மாறியது.

"என்ன, சத்தமே வரல?"

"எப்படி வரும்? காலையில நல்லா எண்ணெய் விட்டேன்ல" என்றான் அண்ணன், பெருமையாக.

"அடப்பாவி! உரசிப் புடிக்கிற எடத்துலயா எண்ணெய் விட்ட?"

பின் இருக்கையிலிருந்து நான் டிரெய்லரைத் திரும்பிப் பார்த்தேன். வண்டியைத் திருப்ப இடமில்லை, நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் அடுத்த வழி வெகு தூரம். எல்க் மலைக் காற்று எங்களுக்காகவே காத்திருந்தது போல் அடித்தது. ஒரு லாரி எங்களைத் தாண்டியதுதான் தாமதம், டிரெய்லர் இடப்பக்கம் இழுத்தது, வலப்பக்கம் இழுத்தது. ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிது. எங்கள் வண்டியின் பின்பக்கமும் சேர்ந்து வழுக்கியது.

"பிரேக்க மிதி! மிதிடி!" அண்ணன் அலறினான். நானும் அலறினேன், செத்தோம் என்றுதான் நினைத்தேன்.

அவள் மிதிக்கவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, டிரெய்லருக்கு மட்டும் பிரேக் போடும் சின்ன விசையை ஒரு கையால் அழுத்தினாள். "வா, வாடி, நேரா வா" என்று முணுமுணுத்தாள். டிரெய்லர் இன்னும் ஒருமுறை வீசிவிட்டு அடங்கியது.

இறங்கும் வழிவரை ஊர்ந்து போய் நிறுத்தினோம். தகடுகளில் ஊறிய எண்ணெயை அண்ணன் சட்டை நுனியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தான், போகவில்லை.

காற்று ஓய்ந்தபின் லோர்னா மெல்ல லாரமி நகருக்கு ஓட்டிப் போய்ப் புதுக் கம்பி மாட்டினாள். கடை வாசலில் வண்டியைத் திருப்பியபோது அது காது கிழியக் கத்தியது.

"கத்து, நல்லாக் கத்து" என்றாள் லோர்னா. பிறகு வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் முகம் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.