ஏணி ஏறிப் பார்த்த டாக்டர்

எங்கள் லேடி டாக்டர் செல்லபாய் இறந்த செய்தியை என்னிடம் கொண்டுவந்தவள், தன் இரண்டு பிள்ளைகளையும் அவர் கையில் பெற்ற ஒரு குளத்தூர்க்காரி. நெய்யாற்றின்கரையிலிருந்து வந்த பஸ்ஸில் பாறசாலையில் இறங்கி, தன் வீட்டுக்குப் போகாமல் நேரே என் வாசலுக்கு வந்தாள். "அக்கா, டாக்டரு போயாச்சு. காலம்பற ஆக்கும். உறக்கத்திலேயே போயிட்டாங்களாம்" என்றாள். அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். எனக்கு அழுகை வரவில்லை. முதலில் வந்தது பயம். நான் பைத்தியம் இல்லை என்று சாட்சி சொல்ல இருந்த கடைசி ஆளும் போய்விட்டார் என்ற பயம். மகளுக்கே நரை விழுந்துவிட்ட வயதில் இப்படி ஒரு பயமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

டாக்டரை அறிந்தவர்கள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் உண்டு. அவருடைய கோபத்தை அறிந்தவர்கள் அதைவிட நிறைய. வயிற்றுவலி என்று போய் நிற்பவளிடம் உறக்கம் உண்டா, தீட்டு எத்தனை நாள், என்ன சாப்பிட்டாய், வீட்டில் யாரோடு மனம்விட்டுப் பேசுவாய், கடைசியாக எப்போது சிரித்தாய் என்று அடுக்கிக்கொண்டே போவார். சிரிப்புக்கும் வயிற்றுவலிக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருத்தி முகம் சுளித்தால் போதும். "கர்ப்பப்பைய மட்டும் கழத்திக் குடுத்தா விட்டிருக்காங்க? முழு ஆளாத்தானே வந்து நிக்கே? அப்ப முழு ஆளையும்தான் பாக்கணும்" என்பார். தமிழில் அழுதவளுக்குத் தமிழிலும் மலையாளத்தில் அழுதவளுக்கு மலையாளத்திலும் திட்டு கிடைக்கும்.

அவருடைய ஆஸ்பத்திரியில் பெயர் எழுதியும் ஊசி கொதிக்கவைத்தும் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இருந்தேன். நான் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பது ஊரில் பாதி தெரிந்த கதை. தெரிந்த பாதியும் தப்பு. அதனால்தான் எழுதுகிறேன்.

எல்லைப் போராட்டம் உச்சத்தில் இருந்த வருடம் அது. தமிழ் பேசும் தாலுகாக்களை மலையாள நாட்டிலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று ஊர்வலங்கள் போய்க்கொண்டிருந்தன. என் கணவர் தங்கையன் பாறசாலையில் தையல்கடை வைத்திருந்தார். ஊர்வலம் வந்தால் கடையைப் பூட்டிவிட்டுப் பின்னால் போய்விடுவார். எனக்கு அப்போது நிறைமாதம். ஒருநாள் போனவர் திரும்பவில்லை. தடியடி என்றார்கள், துப்பாக்கிச் சூடு என்றார்கள். அவர் தூத்துக்குடிக்குத் தப்பிப் போய்விட்டார், பத்திரமாக இருக்கிறார் என்று அவரைப் பெற்ற என் மாமி சொன்னாள். மூன்றாம் நாள் எனக்குப் பெண் பிறந்தது.

எங்கள் பக்கத்தில் பெற்றுக் கிடப்பவளின் காதில் நாற்பது நாள் கெட்ட செய்தி விழவிடமாட்டார்கள். பால் வற்றிவிடும் என்று ஒரு நம்பிக்கை. அறைக்குள் வருகிறவர்கள் எல்லாரும் வாசலிலேயே முகத்தை மாற்றிக்கொண்டுதான் வருவார்கள். எங்கேயாவது ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அனுமதி கிடையாது. நான் அந்த அறையில் கிடந்தேன். தலைக்கு மேலே மரப்பலகை போட்ட மச்சு. தேங்காயும் வைக்கோலும் அங்கேதான் கிடக்கும்.

குழந்தை பிறந்த நாலாம் நாள், உச்சிவெயிலில், மச்சில் இருமல் கேட்டது. இரண்டு தடவை இருமி, ஒரு கனைப்பு. தங்கையனுடைய இருமல். பிறகு ஒரு காலை இழுத்து நடக்கும் சத்தம். மாமியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "எலி ஆக்கும் பிள்ளே" என்றாள். மறுநாளும் அதே நேரம். எலி இருமுமா என்று கேட்டதற்கு மாமி குழந்தையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அன்றைக்கு எனக்கு விளங்கிவிட்டது. சூடு பட்டுச் செத்துப்போயிருக்கிறார், எனக்குச் சொல்லாமல் மறைக்கிறார்கள், பிள்ளையைப் பார்க்க அவரே வந்திருக்கிறார். அதன்பிறகு நான் உறங்கவில்லை. ஐந்தாறு நாள் இமை ஒட்டவே இல்லை. குழந்தையை அவர் மேலே எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று மடியைவிட்டு இறக்கவுமில்லை, பால் கொடுக்கவும் மனமில்லை.

அப்போதுதான் செல்லபாய் டாக்டரை அழைத்துவந்தார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும், குடையும் தோல்பையுமாக நடந்தே வந்தார். நாடி பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், நான் சொன்னதை எல்லாம் கேட்டார். "மேல ஆரும் இல்ல மக்கா. பிள்ளை வயித்தில இருக்கும்ப ஹார்மோன் ரெத்தத்தில ஏறி நிக்கும். பெத்த உடனே ஒரேயடியா எறங்கும். சிலபேருக்கு மனசும் அதுகூட சேந்து விழுந்துபோவும். ஒனக்க குத்தம் ஒண்ணுமில்ல. உறங்கினா செரியாவும்" என்றார். மருந்துப்புட்டி ஒன்று கொடுத்தார். அவர் சொன்னதில் பெரும்பகுதி சரிதான். பிள்ளை பெற்றவளுக்குப் பேய் பிடித்தது என்று வேப்பிலை தேடிக்கொண்டிருந்த காலத்தில், உன் குற்றமில்லை என்று சொன்னதே பெரிய காரியம். ஆனால் மேலே யாரும் இல்லை என்று பார்க்காமலே சொன்னார்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் போலீஸ் வந்தது. வந்தவர் அறை வாசலில் நின்றுகொண்டு, "பர்த்தாவு எவிடெ?" என்று கேட்டார்.

நான் மறைக்கவில்லை. "மேல. மச்சில. இருமுதாரு" என்றேன்.

மாமி ஓடிவந்தாள். "சாரே, பிரசவிச்சு கிடக்குந்ந பெண்ணா. தலைக்கு சுகமில்லா. தா, மருந்நு நோக்கு சாரே" என்று டாக்டர் கொடுத்த புட்டியைத் தூக்கிக் காட்டினாள். அவர் புட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பாவம்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். மச்சுக்கு ஏறும் ஏணி அவருக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றது.

டாக்டரும் சொல்லியாயிற்று, மாமியும் சொல்லியாயிற்று, இப்போது போலீஸும் சிரித்தாயிற்று. அப்படியானால் எனக்குத்தான் புத்தி போய்விட்டது என்று அன்றைக்கு முடிவு கட்டினேன். மதியம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். துவைகல்லில் அவளைக் கிடத்திவிட்டுக் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் வீறிட்டாள். வற்றிவிட்டது என்று நான் நினைத்திருந்த பால் சட்டை நனைய இறங்கியது. அவளுக்குக் கொடுக்க அங்கேயே உட்கார்ந்தேன். அதனால் இன்று இருக்கிறேன்.

மறுநாள் டாக்டர் கூப்பிடாமலே வந்தார். போலீஸிடம் புட்டியைக் காட்டிய கதை யார் மூலமோ அவர் காதுக்குப் போய், அது அவருக்கு உறுத்தியிருக்கிறது. மாமியை வெளியே நிறுத்திவிட்டு என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். கிணற்றடியைச் சொன்னேன். திட்டவில்லை, என் கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"இருமல் எப்பம் கேக்கும்?"

"மத்தியானம். மாமி அடுக்களைய அடைச்ச பொறவு."

"தினமும் அதே நேரமா?"

"அதே நேரம் டாக்டரே."

அண்ணாந்து மச்சுப் பலகையைப் பார்த்தார். பிறகு, "பேய்க்கு கஞ்சி நேரம் தெரியுமா மக்கா?" என்றார். எழுந்து சேலையை இழுத்துச் செருகினார். "இரு, போய் பாத்துட்டு வாறேன்."

மாமி ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் டாக்டரே, எனக்க மோன் ஒருத்தனாக்கும்" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. டாக்டர் ஏறிவிட்டார். பலகைகள் முனகின. மேலே பேச்சுக்குரல். அவர் இறங்கி வரும்போது தலையில் வைக்கோல் இருந்தது.

மாமி அவர் காலில் விழுந்தாள். "அவளுட்ட சொல்லாதீங்க. அவளுக்கு பொய் சொல்ல வராது. அவளுக்கு பிராந்து, புத்தி இல்லேன்னு நினைக்கது வரைக்கும்தான் எனக்க பிள்ளைக்கு உயிரு."

"அவளும் ஒரு வீட்டுக்க பிள்ளைதானே" என்றார் டாக்டர். என்னிடம் வந்து முகத்துக்கு நேராகச் சொன்னார்: "உண்டு மக்கா. மேல ஒனக்க மாப்பிள்ளை உண்டு. கால்முட்டு உடைஞ்சு கிடக்காரு, உயிரோட உண்டு. ஒனக்க காது செரியாக்கும். நான்தான் பாக்காம இல்லேன்னு சொல்லிட்டேன். எனக்க தப்பு."

ஒரு டாக்டர் என்னிடம் தப்பு என்று சொன்னது அதுதான் முதலும் கடைசியும். நான் அழுதேன். அன்று பிற்பகல் உட்கார்ந்தபடியே உறங்கியும் போனேன்.

மாமியின் மேல் எனக்கு அப்போதும் ஆத்திரம் இருந்தது, இப்போதும் இல்லாமல் இல்லை. ஆனால் அவள் சொன்னது நிஜம். எனக்குப் பொய் வராது. இனி போலீஸ் வந்து கேட்டால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று தங்கையனும் சொன்னார். நான் விழித்தபோது அவர் மச்சிலிருந்து இறங்கிவந்து குழந்தையை மடியில் வைத்திருந்தார். எத்தனை நாள் ஒரு பலகைக்கு அப்பாலிருந்து அவள் அழுவதைக் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார். "நீ பேசுதது எல்லாம் கேக்கும். மறுமொழி சொல்ல பயம்" என்றார். மறுநாள் விடிந்ததும் மரச்சீனிக் கிழங்கு ஏற்றிய மாட்டுவண்டியில் அவரைக் கள்ளிக்காடு என்ற ஊரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பினார்கள். போய்ச் சேரவில்லை. வழியில் பிடித்துவிட்டார்கள். சில மாதம் கழித்துத் திரும்பி வந்தவர் நெஞ்சில் அடிபட்டுத் துப்பும்போதெல்லாம் ரத்தம் வரும் ஆளாக இருந்தார். விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டோடு போனதையும் நாங்கள் மலையாளப் பக்கமே நின்றுபோனதையும் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

டாக்டர் என்னை விட்டுவிடவில்லை. உண்மை தெரிந்ததும் நோய் ஓடிவிட்டது என்று யாரும் நினைக்கவேண்டாம். "உண்மை பாதி மருந்தாக்கும். மிச்சம் உறக்கமும் சோறும் மருந்தும்" என்று இரண்டு மாதம் வாரத்துக்கு ஒருமுறை நடந்து வந்தார். தன்னைச் சபித்துக்கொண்டிருந்த மாமியையே கூப்பிட்டு, பகலில் மூன்று மணி நேரம் குழந்தையை வைத்துக்கொள்ளச் சொன்னார். மாமி அதைச் செய்தாள். டாக்டரின் முகத்தில் மட்டும் அதன்பிறகு தான் சாகும்வரை விழிக்கவில்லை. நான் அவரிடம் வேலைக்குப் போன அன்று, "எனக்க மோனை கொன்னவளுக்கா போய் சேவகம் செய்யப் போற?" என்று கேட்டாள். நான் போனேன்.

அந்த ஏணிக்குப் பிறகு டாக்டர் யாரிடமும் பார்க்காமல் "ஒண்ணுமில்ல" என்று சொன்னதில்லை. கடற்கரையிலிருந்து ஒரு அம்மாவை மகள்கள் கூட்டிவந்தது நினைவிருக்கிறது. உடம்பு தீப்பிடித்ததுபோல் எரிகிறது என்கிறாள், உறங்குவதில்லை, தண்ணீரைப் பார்த்தால் கத்துகிறாள், நடிப்பு என்று மகள்கள் சொன்னார்கள். டாக்டர் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வேறு ஆட்களைப் பார்த்தார். ஒரு மணி நேரம் இருக்கும். எரிகிறது என்று அவள் சொன்ன நொடியில் அவள் பிடரியில் கையை வைத்து, நனைந்த கையை மகள்களுக்குக் காட்டினார். "நடிச்சா வேர்க்குமா? மாதவிலக்கு நிக்கிய காலத்தில இப்படி வரும்" என்றார். பிறகு தண்ணீர் விஷயத்தைக் கேட்டார். கடலில் போய்த் திரும்பாத மகன் ஒருவன் இருந்தான், அவன் பெயரை வீட்டில் எடுக்கக்கூடாது என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள். வயசு என்று ஒதுக்கவும் இல்லை, துக்கம் என்று முடிக்கவும் இல்லை, இரண்டுக்கும் மருத்துவம் பார்த்தார்.

எனக்கும் ஒன்று மிச்சம் இருக்கிறது. இப்போது இருப்பது கான்கிரீட் வீடு, மச்சு கிடையாது. ஆனாலும் உச்சிநேரத்தில், அடுக்களையை ஒதுக்கிவிட்டுப் படுக்கும்போது, தலைக்கு மேலே அந்தக் கால் இழுபடும். ஒருமுறை டாக்டரிடம் சொன்னேன். ஏறிப் பார்க்க ஏணி இல்லாதபடியாலோ என்னவோ, "எனக்கும் கேக்குது மக்கா" என்றார். அதற்கு அவர் மருந்து எழுதவில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது மூன்று மாதத்துக்கு முன். நெய்யாற்றின்கரையில் அண்ணன் மகள் வீட்டில் படுக்கையோடு இருந்தார். அத்தனை வருடம் எங்களுக்குள் பேசாமல் இருந்ததை அன்று கேட்டார்.

"நான் அண்ணைக்கு வாய மூடிட்டு எறங்கியிருந்தா தங்கையன் இருந்திருப்பான், இல்லியா?"

"ஆமா டாக்டரே" என்றேன்.

"அப்ப எதுக்கு மக்கா எனக்ககூட இருந்தே?"

போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், கேட்கவேண்டியவர் இல்லாவிட்டாலும். ஒரு ஆணின் உயிரைக் காக்க ஒருத்திக்குப் புத்தி பேதலித்தால் பரவாயில்லை என்பதில் அன்றைக்கு வீட்டில் எல்லாருக்கும் சம்மதம். கேட்டிருந்தால் நானும் சம்மதித்திருப்பேன். என்னை யாரும் கேட்கவில்லை. சம்மதிக்காத ஒரே ஆள் அவர்.

அவருடைய பொருள் ஏதாவது வேண்டுமா என்று அண்ணன் மகள் சொல்லியனுப்பினாள். வேண்டாம் என்றுவிட்டேன். தங்கையனை நினைக்கும்போதெல்லாம் டாக்டரை என்னால் மன்னிக்க முடியவில்லை, இனி முடியப்போவதும் இல்லை. ஆனால் தங்கையனை நினைக்க எனக்கென்று ஒரு மனம் இருக்கிறது. அது அவர் எடுத்துக் கொடுத்தது. அதை வைத்திருக்கிறேன்.