மூலை கொஞ்சம் மங்கல்

லென்ஸின் பின்பக்கம் டார்ச்சை அடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்க்கிறார். எதிரே நிற்பவர் விலை கேட்டாலும் வாய் திறப்பதில்லை. பிறகு துணியால் ஒரே திசையில் துடைக்கிறார். துணியில் ஒருமுறை பட்ட மடிப்பு லென்ஸில் மறுமுறை படாது. பழைய கேமரா லென்ஸ்களை வாங்கி விற்கும் இவருக்குக் கடைத்தெருவில் 'டார்ச்' என்றே பெயர்.

பார்த்து முடித்ததும் சிறு சீட்டில் குறையை எழுதி லென்ஸின் கீழே வைப்பார். 'உள்ளே தூசி.' 'ஜூம் வளையம் இறுக்கம்.' நல்ல குணம் ஒன்றையும் எழுதமாட்டார்.

"வியாபாரம் பண்றீங்களா, வியாதி சொல்றீங்களா?" என்பார் மனைவி.

"வாங்கினப்புறம் தெரிஞ்சாத்தான்டி வயித்தெரிச்சல்."

போன வாரம் பள்ளிப் பேருந்து ஓட்டும் பெண் ஒருவர் கேமராவோடு வந்தார். அவருடைய அப்பா அணையில் மதகு இயக்கியவர். இடுப்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். அணையை முழுசாக ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறாராம். மகள் போனைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டே ஒரே நீளப் படமாக எடுத்துக் காட்டியதற்கு, "நான் இருந்தவரைக்கும் நேராத்தான் இருந்துச்சு. நீ எப்பம்மா வளைச்சே?" என்று கேட்டுவிட்டாராம்.

அந்தப் பெண்ணின் கை, இருப்பதிலேயே விலை கூடிய வைட் ஆங்கிள் ஜூமைத் தொட்டது. டார்ச் அதைத் தள்ளி வைத்து, வேறொன்றை எடுத்துக் கொடுத்தார்.

"அது இருட்டு மேடையில ஆடுறவங்களை எடுக்க. அணை எங்கயும் ஓடாதும்மா. ஸ்டாண்டுல வெச்சு நிதானமா எடுங்க, இதுவே போதும்."

பாதி விலை லென்ஸ் அது. சீட்டில் 'மூலை கொஞ்சம் மங்கல்' என்றிருந்தது.

"மூணு நாள் பாருங்க. சரிப்படலைன்னா கொண்டாந்துடுங்க."

இப்படிக் கொடுத்தால் அந்த மூன்று நாளும் லென்ஸ் இருந்த இடத்தில் சீட்டு மட்டும் கிடக்கும். வேறெதையும் அங்கே வைக்கமாட்டார்.

மூன்றாம் நாள் அந்தப் பெண் வந்து நின்றார். லென்ஸைத் திரும்ப வாங்கத்தான் டார்ச் கையை நீட்டினார். கைக்கு வந்தது பெரிதாக அச்சிட்ட படம். கரையிலிருந்து கரைவரை அணை, நேராக.

உருப்பெருக்கியோடு நேரே இடது மூலைக்குப் போனார். "சொன்னேன்ல? இங்க மங்கல்தான்."

"அங்கதாண்ணே அப்பாவோட மதகு ரூம். முதல்ல அதைத்தான் கண்டுபிடிச்சாரு. நேர்ல வந்து நன்றி சொல்ல முடியலையேன்னு உங்களுக்கும் ஒண்ணு குடுத்தனுப்பினாரு."

டார்ச் உருப்பெருக்கியைக் கீழே வைத்தார். படத்தைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், இரண்டு கண்களையும் திறந்து.